மடிக்கணினிச் செயலியின் வேக மாற்றமும் ஓவர்கிளாக்கிங்கின் ஆபத்துகளும்

மடிக்கணினியின் செயலி எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. செய்ய வேண்டிய வேலையின் அளவு, செயலியின் சூடு, கிடைக்கும் மின்சாரம் ஆகியவற்றைப் பொறுத்து அதன் வேகம் ஒரு விநாடிக்குள்ளேயே பல முறை கூடுவதும் குறைவதும் உண்டு. இது செயலியின் வேக மாற்றம் எனப்படும். தயாரிப்பாளர் வகுத்த எல்லையைத் தாண்டி இந்த வேகத்தைப் பயனரே உயர்த்திக்கொள்வது ஓவர்கிளாக்கிங் எனப்படும். முன்னது கணினியின் இயல்பான நடத்தை. பின்னது அந்த இயல்பில் கை வைக்கும் செயல்.

விளம்பரத்தில் 3.4 கிகாஹெர்ட்ஸ் என்று படித்து வாங்கிய கணினி, திரையில் 1.6 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டும்போது ஏமாந்துவிட்டோமோ என்று நினைப்பவர்கள் பலர். கணினி பழுதாகிவிட்டது என்று கடைக்கு எடுத்துச் செல்பவர்களும் உண்டு. வேறு சிலர் இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு மென்பொருளை நிறுவி வேகத்தைக் கூட்ட முனைகிறார்கள். வேகம் ஏன் மாறுகிறது, மடிக்கணினியின் உண்மையான எல்லை எது, அதை மீறினால் என்ன ஆகும், ஆபத்தில்லாமல் வேகம் பெற வழி என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கடிகாரத் துடிப்பு

செயலிக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்யப் பொதுவான ஒரு தாளம் தேவை. கோலாட்டத்தில் எல்லோரும் ஒரே தாளத்துக்குக் கோல் தட்டுவதைப் போன்றது இது. அந்தத் தாளத்தைத் தரும் மின் துடிப்பே கடிகாரத் துடிப்பு. ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பு என்பது 1 ஹெர்ட்ஸ். 1 மெகாஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு 10 இலட்சம் துடிப்புகள். 1 கிகாஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு 100 கோடித் துடிப்புகள்.

1971ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் 4004 செயலியின் உச்ச வேகம் 740 கிலோஹெர்ட்ஸ். 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் தனிநபர் கணினி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. இன்றைய மடிக்கணினிகளோ 4 கிகாஹெர்ட்ஸையும் தாண்டுகின்றன.

இந்த வேகம் இரண்டு எண்களின் பெருக்கல் பலனாகக் கிடைக்கிறது. ஒன்று அடிப்படைத் துடிப்பு. இன்டெலின் அண்மைக்காலச் செயலிகளில் இது 100 மெகாஹெர்ட்ஸ். மற்றொன்று பெருக்கி எண். பெருக்கி 16 என்றால் வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ்; 34 என்றால் 3.4 கிகாஹெர்ட்ஸ். செயலி தன் வேகத்தை மாற்றும்போது பெரும்பாலும் இந்தப் பெருக்கியையே மாற்றுகிறது.

ஒரு துடிப்புக்குள் நடப்பது

4 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் நீளம் ஒரு விநாடியின் 400 கோடியில் ஒரு பங்கு. இந்த நேரத்தில் வெற்றிடத்தில் ஒளியே சுமார் 7.5 செ.மீ. தொலைவுதான் செல்லும். அதற்குள் ஒரு மின் சமிக்ஞை பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து, 0 அல்லது 1 என்ற தெளிவான நிலைக்கு வந்து நிற்க வேண்டும். அடுத்த துடிப்பு வரும்போது அந்த நிலை பதிவு செய்யப்படும்.

சமிக்ஞை வந்து சேரும் முன்பே அடுத்த துடிப்பு வந்துவிட்டால், பழைய நிலையோ தவறான நிலையோ பதிவாகும். கோலாட்டத்தில் தாளம் மிக விரைந்தால் ஒருவர் கை திரும்பும் முன்பே அடுத்தவர் தட்டிவிடுவார். கோல் காற்றில் வீசும். ஆட்டத்தில் அது கண்ணுக்குத் தெரியும். செயலிக்குள் அது யாருக்கும் தெரியாது.

மின்னழுத்தம் கூடினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக நிலை மாறும். ஆகவே அதிக வேகத்துக்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு சில்லும் சோதிக்கப்பட்டு, எந்த வேகத்தில் எந்த மின்னழுத்தத்தில் அது பிழையின்றி ஓடும் என்று வகைப்படுத்தப்படுகிறது. சோதனையில் தேறிய உச்ச வேகத்தை அப்படியே விற்பதில்லை. வெயில் காலம், பல ஆண்டுத் தேய்மானம், மின்வழங்கலில் ஏற்படும் சிறு ஏற்ற இறக்கம் ஆகிய எல்லாவற்றையும் தாங்குவதற்காக ஒரு இடைவெளி விட்டே வேகம் குறிக்கப்படுகிறது. ஓவர்கிளாக்கிங் செய்பவர் எடுத்துக்கொள்வது இந்த இடைவெளியைத்தான். அது வீணாகக் கிடந்த பொருளன்று. கணினியின் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டது.

வேகத்தைக் குறைக்கும் நுட்பம் வந்த கதை

செயலி எடுக்கும் மின்திறனுக்கு ஓர் எளிய விதி உண்டு. துடிப்பு வேகம் கூடும் அதே விகிதத்தில் மின்திறனும் கூடும். மின்னழுத்தம் கூடினால் அதன் வர்க்கத்துக்கு ஏற்ப மின்திறன் கூடும். அதாவது மின்னழுத்தத்தை இரு மடங்காக்கினால் மின்திறன் நான்கு மடங்காகும்.

2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இன்டெல் நிறுவனம் மடிக்கணினிகளுக்கான பென்டியம் 3 செயலியில் ஸ்பீட்ஸ்டெப் என்ற நுட்பத்தை அறிமுகப்படுத்தியது. மின் இணைப்பில் இருக்கும்போது 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட். மின்கலத்தில் ஓடும்போது 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். மேற்சொன்ன விதியைக் கொண்டு இதைக் கணக்கிடலாம். வேகம் 77 விழுக்காடாகக் குறைகிறது. மின்னழுத்தத்தின் வர்க்கம் 71 விழுக்காடாகக் குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் மின்திறன் ஏறக்குறைய 55 விழுக்காடு. கால் பங்குக்கும் குறைவான வேகத்தை விட்டுக்கொடுத்து, கிட்டத்தட்டப் பாதி மின்சாரத்தை மிச்சப்படுத்த முடிந்தது. அதே ஆண்டில் ஏஎம்டி நிறுவனம் பவர்நவ் என்ற பெயரிலும், டிரான்ஸ்மெட்டா நிறுவனம் லாங்ரன் என்ற பெயரிலும் இத்தகைய நுட்பங்களைக் கொண்டுவந்தன.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டாலும் அதே விதிதான். வேகத்தைச் சிறிது கூட்டச் சூடு பெரிதும் கூடும். 2000ஆம் ஆண்டின் இறுதியில் 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகங்களில் தொடங்கிய பென்டியம் 4, 2004ஆம் ஆண்டு நவம்பரில் 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. அதற்கு முந்தைய மாதமே 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளியிடும் திட்டத்தை இன்டெல் கைவிட்டிருந்தது. சூட்டைச் சமாளிக்க முடியாமற்போனது இதற்குப் பெரும் காரணம். அதன்பின் ஒரே சில்லில் பல கருக்களை வைக்கும் வழிக்குத் தொழில் முழுவதும் திரும்பியது. 2006இல் வந்த கோர் 2 டியோ செயலிகள் 3 கிகாஹெர்ட்ஸுக்கும் குறைந்த வேகத்தில் ஓடியும் பென்டியம் 4ஐ முந்தின. கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் வைத்து இரு வேறு செயலிகளை ஒப்பிடக் கூடாது என்பதற்கு இதுவே நல்ல சான்று.

அடிப்படை வேகமும் டர்போ வேகமும்

2017ஆம் ஆண்டு வெளிவந்து பல மடிக்கணினிகளில் இடம்பெற்ற இன்டெல் கோர் ஐ5-8250யு செயலியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதன் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். டர்போ உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். இதற்கு வகுக்கப்பட்ட வெப்பத் திறன் 15 வாட்.

இவற்றின் பொருள் இதுதான். நான்கு கருக்களும் கடுமையாக நெடுநேரம் வேலை செய்தால், 15 வாட் வெப்பத்தை வெளியேற்றக்கூடிய கணினியில் 1.6 கிகாஹெர்ட்ஸையாவது காக்க முடியும் என்பது தயாரிப்பாளர் தரும் உறுதி. 3.4 கிகாஹெர்ட்ஸ் என்பது உறுதியன்று, வாய்ப்பு மட்டுமே. சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும்போது மட்டும், அதுவும் ஓரிரு கருக்கள் வேலை செய்யும்போது, செயலி அந்த உயரத்தைத் தொடும்.

ஓட்டப்பந்தய வீரர் 100 மீட்டரை ஓடும் வேகத்தில் 10 கிலோமீட்டர் ஓட முடியாது. டர்போ வேகமும் அப்படியே. ஒரு வலைப்பக்கத்தைத் திறப்பது, ஒரு கோப்பைச் சேமிப்பது போன்றவை ஓரிரு விநாடி வேலைகள். அவற்றை 100 மீட்டர் ஓட்டமாக ஓடி முடித்துவிட்டுச் செயலி ஓய்வெடுக்கிறது. காணொளியை மாற்றுவது போன்ற நீண்ட வேலையில், முதல் அரை நிமிடம் அளவுக்கு 15 வாட்டையும் தாண்டி மின்சாரம் எடுத்து விரைந்து ஓடும். பிறகு நிதான வேகத்துக்கு இறங்கும். ஆகவே திரையில் எண் இறங்குவது பழுதின் அறிகுறியன்று.

வேகம் குறையும் சந்தர்ப்பங்கள்

மடிக்கணினியின் வேகம் குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் சில இயல்பானவை. சில கவனிக்க வேண்டியவை.

1. வேலை இல்லாத நேரம். கணினி சும்மா இருக்கும்போது செயலி தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொள்ளும். இது நன்மையே.

2. மின்கலத்தில் ஓடும் நேரம். பல கணினிகள் மின்கலத்தில் ஓடும்போது செயலி எடுக்கும் மின்சாரத்துக்கு ஒரு வரம்பு வைக்கின்றன.

3. இயங்குதளத்தின் மின்சார அமைப்பு. விண்டோசில் செயலியின் உச்ச நிலை 100 விழுக்காட்டுக்குப் பதில் 99 என்று வைக்கப்பட்டிருந்தால் டர்போ வேகம் நின்றுவிடும். லினக்சில் பவர்சேவ் முதலிய விதிமுறைகள் வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

4. பொருந்தாத சார்ஜர். சில தயாரிப்புகள் தமக்குரிய சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் செயலியை மிகக் குறைந்த வேகத்தில் பூட்டி வைக்கும். கணினி திடீரென ஆமை வேகத்துக்கு இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது சார்ஜரைத்தான்.

5. சூடு. பல மடிக்கணினிச் செயலிகளுக்கு உச்ச வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். இதைத் தெர்மல் திராட்லிங் என்பர். அப்படியும் சூடு தணியாவிட்டால் கணினி தானாக அணைந்துவிடும்.

சூட்டில் அறையின் வெப்பநிலைக்கும் பங்கு உண்டு. விசிறி தள்ளும் காற்று அறைக் காற்றுதான். குளிரூட்டிய ஆய்வகத்தில் 24 டிகிரியில் 80 டிகிரி காட்டும் செயலி, மே மாத மதியம் 38 டிகிரி உள்ள அறையில் அதே வேலையைச் செய்யும்போது சுமார் 94 டிகிரி காட்டும். குளிர் நாடுகளில் எடுக்கப்பட்ட வேகச் சோதனை முடிவுகள் நம் ஊர்க் கோடையில் அப்படியே கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

செயலி எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள பெட்டி இடம் கொடுக்க வேண்டும் என்பதை 2018ஆம் ஆண்டு ஜூலையில் நடந்த ஒரு நிகழ்வு காட்டியது. அவ்வாண்டு வெளிவந்த 15 அங்குல மேக்புக் புரோ கணினியின் உயர்ந்த வகையில் கோர் ஐ9 செயலி இருந்தது. அதன் அடிப்படை வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ், டர்போ வேகம் 4.8 கிகாஹெர்ட்ஸ். ஆனால் காணொளித் தொகுப்பு வேலையில் அது அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்குவதைப் பயனர்கள் கண்டுபிடித்து வெளியிட்டனர். வெப்ப மேலாண்மைக்கான நிலைபொருளில் ஒரு குறை இருந்ததை ஒப்புக்கொண்டு ஆப்பிள் நிறுவனம் அதே மாதம் திருத்தம் வெளியிட்டது. இந்தத் திருத்தம் செயலியின் உச்ச வேகத்தைக் கூட்டவில்லை. சூட்டைக் கையாளும் முறையைச் சீர்செய்தது. அதனாலேயே கணினியின் வேகம் கூடியது.

ஓவர்கிளாக்கிங்: ஒரு சுருக்கமான வரலாறு

ஓவர்கிளாக்கிங்கின் புகழுக்கு 1998ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் செலிரான் 300ஏ செயலி முக்கியக் காரணம். மலிவான மேசைக்கணினிச் செயலியான இதன் பெருக்கி 4.5, அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். தாய்ப்பலகையில் துடிப்பை 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால் 450 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. பல சில்லுகள் இதைத் தாங்கின. ஒன்றரை மடங்கு வேகம் கூடுதல் செலவின்றிக் கிடைத்தது என்ற செய்தி உலகெங்கும் பரவியது.

அந்தக் காலச் செயலிகள் தாமாக வேகத்தை உயர்த்திக்கொள்ளத் தெரியாதவை. விடப்பட்ட இடைவெளி பயனருக்கு அப்படியே கிடைத்தது. இன்றோ டர்போ நுட்பம், சூழல் இடம் கொடுக்கும்போதெல்லாம் அந்த இடைவெளியில் பெரும்பகுதியைத் தானே பயன்படுத்திக்கொள்கிறது. பயனருக்கு மிஞ்சுவது சொற்பமே.

தவிர, இன்று பெரும்பாலான மடிக்கணினிச் செயலிகளில் பெருக்கியின் மேல் எல்லை பூட்டப்பட்டுள்ளது. இன்டெலில் எச்கே முதலிய எழுத்துகள் கொண்ட சில உயர்வகைச் செயலிகள் விதிவிலக்கு. பெருக்கி பூட்டப்பட்ட கணினியில் அடிப்படைத் துடிப்பைக் கூட்டலாமே என்று தோன்றலாம். 2011க்குப் பின் வந்த பல இன்டெல் கணினிகளில் செயலியோடு வட்டு இணைப்பு முதலிய பிற பகுதிகளும் அதே துடிப்பைச் சார்ந்திருந்தன. சில விழுக்காடு கூட்டினாலே வட்டில் எழுதப்படும் தரவு கெடக்கூடும். ஆகவே அந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டதே.

வரைகலைச் செயலியிலும் இதே இழுபறி நடந்தது. 2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் என்விடியா நிறுவனம் மடிக்கணினி வரைகலைச் செயலிகளில் ஓவர்கிளாக்கிங் செய்யும் வசதியை நிறுத்தியது. மடிக்கணினிகளின் வெப்ப, மின் வரம்புகளை அதற்குக் காரணமாகச் சொன்னது. பயனர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. வசதி திரும்பி வந்தது. ஆனால் கணினிப் பெட்டியின் வெப்ப வரம்பு மாறவில்லை.

ஆபத்துகள்

தவறான விடை

ஓவர்கிளாக்கிங்கின் முதல் ஆபத்தாகச் செயலி எரிந்துபோவதையே பலர் நினைக்கிறார்கள். இன்றைய செயலிகளில் சூட்டைக் கண்காணிக்கும் பாதுகாப்பு இருப்பதால் அது எளிதில் நிகழ்வதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, கணினி நன்றாக ஓடுவது போலத் தோன்றிக்கொண்டே தவறான விடை தருவதுதான்.

எல்லையை ஒட்டி ஓடும் செயலி எல்லா வேலையிலும் தவறுவதில்லை. ஏதோ ஒரு வகைக் கட்டளை, ஏதோ ஒரு வெப்பநிலையில் மட்டும் தவறும். 2000ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 செயலியை வெளியிட்டது. பல சோதனைகளில் அது தேறியது. ஆனால் லினக்சு கருநிரலைத் தொகுக்கும் வேலையில் அது தடுமாறுவதை ஆய்வாளர்கள் கண்டனர். ஆகஸ்டு இறுதியில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சோதனைக் கருவிகள் அனைத்தையும் கையில் வைத்திருந்த தயாரிப்பாளரே எல்லையைத் தவறாகக் கணித்த நிகழ்வு இது. வீட்டில் அரை மணி நேரச் சோதனை மென்பொருளை ஓட்டிவிட்டு எல்லாம் சரி என்று முடிவு செய்வது எவ்வளவு நம்பத்தக்கது என்பதை இதிலிருந்து உணரலாம்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஏறக்குறைய 10 இலட்சம் தனிநபர் கணினிகளின் பழுதுப் பதிவுகளை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். குறித்த வேகத்தைவிடச் சிறிதளவே கூட்டி ஓட்டினாலும் கணினியின் நம்பகத்தன்மை கணிசமாகக் குறைவதை அவர்கள் கண்டனர். குறித்த வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து ஓட்டப்பட்டவை கூடுதல் நம்பகத்துடன் இயங்கின.

விளையாட்டின் நடுவே கணினி நின்றுபோனால் இழப்பு சிறிது. ஆனால் அதே கணினியில்தான் கல்லூரித் திட்ட அறிக்கையும், வீட்டுக் கணக்கும், குடும்பப் படங்களும் இருக்கின்றன. நினைவகத்திலிருந்து வட்டுக்குச் செல்லும் வழியில் ஓர் இலக்கம் மாறினால், கோப்பு கெட்ட செய்தி அதை மீண்டும் திறக்கும் நாளில்தான் தெரியும். காப்புநகல் எடுத்தபோதே அந்தப் பிழையும் நகலில் ஏறியிருக்கலாம்.

சூடு

3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு செயலியை 3.7 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்துவதாகக் கொள்வோம். வேகம் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. அதற்காக மின்னழுத்தத்தை 8 விழுக்காடு கூட்ட வேண்டியிருந்தால் மின்திறன் சுமார் 27 விழுக்காடு கூடும். ஒரு மணி நேரம் எடுக்கும் வேலை, எல்லாம் சரியாக நடந்தால், 55 நிமிடங்களில் முடியும். ஐந்து நிமிடம் மிச்சம். கால் பங்குக்கும் மேல் கூடுதல் சூடு.

மேசைக்கணினியில் அந்தச் சூட்டை வெளியேற்றப் பெரிய விசிறி வைக்கலாம். மடிக்கணினியில் விசிறியும் செம்புக் குழாயும் பெட்டியின் தடிமனுக்கு ஏற்ப ஏற்கெனவே அளந்து வைக்கப்பட்டவை. கூடுதல் சூடு வெளியேற வழியில்லாமல் 100 டிகிரியைத் தொட்டதும் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில நேரங்களில் பழைய வேகத்துக்கும் கீழே இறங்கும். கூட்டியது ஒரு கை, குறைப்பது மறு கை என்ற நிலை ஏற்படும்.

தேய்மானம்

செயலிக்குள் மின்சாரம் பாயும் கம்பிகள் மிக நுண்ணியவை. அதிக மின்னோட்டமும் சூடும் சேரும்போது கம்பியின் உலோக அணுக்கள் மெல்ல இடம்பெயர்கின்றன. இதை எலக்ட்ரோமைகிரேஷன் என்பர். ஓரிடத்தில் கம்பி மெலிந்து அறுபடலாம். வேறோரிடத்தில் உலோகம் திரண்டு பக்கத்துக் கம்பியைத் தொடலாம். டிரான்சிஸ்டர்களும் அதிக மின்னழுத்தத்தில் விரைவாக மூப்படைகின்றன. அதன்பின் அதே வேகத்தில் ஓட முன்னைவிட அதிக மின்னழுத்தம் கேட்கும். ஒரு கட்டத்தில் இயல்பான வேகத்தில்கூடப் பிழையின்றி ஓடாது.

இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் பலவற்றில் நிலையற்ற தன்மை காணப்பட்டது. தேவைக்கும் அதிகமான மின்னழுத்தம் செயலிக்குச் சென்றதே முக்கியக் காரணம் என்று 2024இல் நிறுவனம் அறிவித்தது. ஆகஸ்டில் திருத்தமும் வெளியிட்டது. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சில்லுகளை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது என்பதால், உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. மின்னழுத்தத்தால் நேரும் தேய்மானம் திரும்பப் பெற முடியாதது என்பதை இது தெளிவாக்குகிறது.

பிற பாகங்கள்

மடிக்கணினியில் செயலிக்கு அருகிலேயே மின்னழுத்தச் சீராக்கிகள், நினைவகம், மின்கலம் ஆகியவை நெருக்கமாக அமைந்துள்ளன. செயலியின் சூடு இவற்றையும் தாக்கும். லித்தியம் மின்கலம் சூட்டில் விரைவாகத் திறன் இழக்கும். மேசைக்கணினியில் செயலி கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் செயலி தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. செயலி போனால் பலகையையே மாற்ற வேண்டும்.

உத்தரவாதமும் மென்பொருளும்

எல்லை மீறிய இயக்கத்தால் நேரும் சேதத்தைப் பல உத்தரவாதங்கள் ஏற்பதில்லை. கணினியின் பயாஸ் நிரலை மாற்றி எழுதும் முயற்சி இடையில் தவறினால் கணினி மறுபடி இயங்காமலே போகலாம். இலவசமாக வேகம் கூட்டித் தருவதாகச் சொல்லும் அடையாளமற்ற மென்பொருள்கள் தீநிரல்களைக் கொண்டுவருவதும் உண்டு. இத்தகைய மென்பொருள் இயங்குதளத்தின் ஆழமான அனுமதிகளைக் கேட்கும். ஆகவே அதன்மூலம் வரும் தீங்கும் ஆழமானதாக இருக்கும்.

சாதனைகளைப் பற்றி

2011ஆம் ஆண்டு ஏஎம்டியின் எஃப்எக்ஸ் செயலி 8.429 கிகாஹெர்ட்ஸை எட்டி கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. இத்தகைய செய்திகள் ஆர்வத்தைத் தூண்டுவது இயல்பே. ஆனால் அந்தச் சாதனை திரவ ஹீலியத்தால் குளிர்வித்துப் பெறப்பட்டது. திரவ ஹீலியத்தின் வெப்பநிலை சுமார் −269 டிகிரி செல்சியஸ். அந்த வேகம் சிறிது நேரத்துக்கு மட்டுமே நிலைத்தது. அன்றாட வேலை செய்யும் கணினிக்கு அது அளவுகோல் ஆகாது.

மின்னழுத்தத்தைக் குறைத்தல்

ஓவர்கிளாக்கிங்குக்கு நேர்மாறான ஒரு முறையும் உண்டு. வேகத்தைத் தொடாமல் மின்னழுத்தத்தை மட்டும் சற்றுக் குறைப்பது அது. இதனால் சூடு குறைந்து, டர்போ வேகம் நெடுநேரம் நீடிக்கும். ஆயினும் அளவுக்கு மீறிக் குறைத்தால் இதிலும் தவறான விடை வரும். அப்படி வேண்டுமென்றே பிழையை உண்டாக்கிச் செயலிக்குள் மறைத்து வைத்த இரகசியத் தரவை எடுக்க முடியும் என்று 2019ஆம் ஆண்டு டிசம்பரில் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். பிளண்டர்வோல்ட் என்று அதற்குப் பெயர். அதன்பின் பல மடிக்கணினிகளில் மின்னழுத்தத்தை மாற்றும் வசதி பூட்டப்பட்டது. பாதுகாப்புக்காகப் போடப்பட்ட அந்தப் பூட்டை உடைப்பது விரும்பத்தக்கதன்று.

ஆபத்தில்லாமல் வேகம் பெறும் வழிகள்

மடிக்கணினியின் எல்லை சூடு என்பது விளங்கிவிட்டால் செய்ய வேண்டியதும் விளங்கிவிடும்.

1. காற்றோட்டம். மெத்தை, தலையணை, மடி ஆகியவற்றின் மேல் வைத்துப் பயன்படுத்தினால் அடிப்பக்கத் துளைகள் அடைபடும். சமமான பலகை மீது வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தினாலே சூடு குறையும்.

2. தூசு. விசிறியிலும் வெப்பத் தகடுகளிலும் தூசு படிந்தால் காற்று செல்லாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்வது நல்லது. கழற்றத் தெரியாதவர்கள் சர்வீஸ் கடையில் கொடுப்பதே சரி.

3. வெப்பப் பசை. செயலிக்கும் வெப்பத் தகட்டுக்கும் இடையே உள்ள பசை ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்துபோகும். பழைய கணினியில் அதை மாற்றினால் இழந்த வேகத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

4. மின்சார அமைப்பும் சார்ஜரும். கடினமான வேலையின்போது கணினிக்குரிய சார்ஜரை இணைத்து, உயர் செயல்திறன் அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

5. பின்னணி மென்பொருள்கள். கணினி தொடங்கும்போதே தொடங்கும் தேவையற்ற மென்பொருள்களை நிறுத்தலாம்.

6. நினைவகமும் வட்டும். கணினி மெதுவாக இருப்பதற்குப் பல நேரங்களில் செயலி காரணமே அன்று. சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்தினால், அல்லது 4 ஜிபி நினைவகத்தை 8 ஜிபி ஆக்கினால், ஓவர்கிளாக்கிங் தரும் 9 விழுக்காட்டைவிடப் பல மடங்கு வேறுபாடு தெரியும். வாங்கும் முன் அந்தக் கணினியில் மாற்றும் வசதி உண்டா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு செய்முறை

மேலே சொன்னவற்றை எந்தச் செலவும் இன்றி நேரில் காணலாம். விண்டோசு கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயல்திறன் பகுதியில் செயலியின் அப்போதைய வேகமும் அடிப்படை வேகமும் காட்டப்படும். ஐந்து நிமிடம் எதுவும் செய்யாமல் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பெரிய கோப்பைச் சுருக்கும் வேலையைக் கொடுத்து, 10 விநாடிக்கு ஒரு முறை இரண்டு நிமிடங்களுக்கு எண்ணை எழுதுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். கணினி ஆறிய பிறகு, பின்பக்கத்தை உயர்த்தி வைத்து மூன்றாம் முறை செய்யுங்கள். மூன்று வரிசைகளையும் வரைபடத்தாளில் குறித்தால், வேகம் முதலில் உயர்ந்து பின் இறங்கும் வளைவு கிடைக்கலாம். அந்த வளைவு எங்கே தட்டையாகிறதோ, அதுவே அந்தக் கணினி நீடித்துத் தாங்கும் வேகம்.

அந்தத் தட்டையான கோட்டை உயர்த்தச் சூட்டைக் குறைப்பதுதான் வழி. பெருக்கி எண்ணை உயர்த்துவதால் மேலேறுவது வளைவின் தொடக்கத்தில் உள்ள முனை மட்டுமே. அந்தச் சில விநாடி வேகத்துக்காகக் கணினியின் ஆயுளையும், அதில் சேர்த்து வைத்த வேலையின் நம்பகத்தையும் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. மாற்றுக் கணினி வைத்திருப்பவர் பொழுதுபோக்காக அதைச் செய்து பார்க்கலாம். படிப்புக்கும் பிழைப்புக்கும் ஒரே மடிக்கணினியை நம்பியிருப்பவர் அதைத் தவிர்ப்பதே நன்று.